வேல்ஸின் மெர்த்திர் நகரக் கால்பந்துக் கழகம் ஏன் இவ்வளவு மதிக்கப்படுகிறது?

இரும்பாலைகளாலும் நிலக்கரிச் சுரங்கங்களாலும் வளர்ந்த மெர்த்திர் டிட்ஃபில் நகரில் முதலில் இயங்கிய மெர்த்திர் டவுன் கழகம், 1920 முதல் 1930 வரை இங்கிலாந்தின் கால்பந்து லீக்கில் ஆடியது. வேலையின்மை ஊரை வாட்டிய 1934இல் அது கலைந்துபோனது. போருக்குப் பின், 1945இல், மெர்த்திர் டிட்ஃபில் என்ற புதிய கழகம் பென்னிடாரன் பார்க் மைதானத்தில் பிறந்தது. பழைய ரோமானியக் கோட்டை இருந்த இடம் அது.

அக்கழகத்தின் பெருமைக்கு முதற்காரணம் 1987ஆம் ஆண்டுதான். மறு ஆட்டம் வரை நீண்ட வேல்ஸ் கோப்பை இறுதியில் நியூபோர்ட் கவுண்டியை வென்றதால், அக்கோப்பையின் வெற்றியாளருக்கு அன்று கிடைத்துவந்த ஐரோப்பியக் கோப்பை வெற்றியாளர் போட்டியில் (அந்தந்த நாட்டுக் கோப்பையை வென்ற அணிகள் மோதும் போட்டி) நுழையும் உரிமை, லீக்கில்கூட இல்லாத இந்த அணிக்குக் கிடைத்தது. இத்தாலியின் அட்டலாண்டாவைச் சொந்த மண்ணில் 2-1 என வீழ்த்தியது. அட்டலாண்டாவின் ஊரான பெர்கமோவில் நடந்த அடுத்த ஆட்டத்தில் 0-2 எனத் தோற்று வெளியேறியது. அதே அட்டலாண்டா அரையிறுதி வரை சென்றதை நினைத்தால், அந்த ஒரு வெற்றியின் எடை புரியும்.

பின்னாளில் கடன் பெருகி, 2010இல் கழகம் கலைக்கப்பட்டது. ரசிகர்களோ விட்டுவிடவில்லை, தங்கள் அறக்கட்டளையின் உடைமையாகப் பழைய மெர்த்திர் டவுன் பெயரை மீட்டு, லீக் அடுக்கில் மூன்று படிகள் கீழிறங்கி மீண்டும் தொடங்கினார்கள். என்னைப் பொறுத்தவரை, அட்டலாண்டா வெற்றிக்கு நிகரான சாதனை இதுவே.