சைல்டு லைஃப் ஸ்பெஷலிஸ்ட் ஆவது எப்படி? கேள்வி பதில்

அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவமனைகளில், சிகிச்சைக்கு வரும் குழந்தையையும் குடும்பத்தையும் மனதளவில் தயார்செய்பவர் சைல்டு லைஃப் ஸ்பெஷலிஸ்ட். 1955இல் கிளீவ்லாந்தில் எம்மா பிளாங்க் தொடங்கிய திட்டம் இத்துறையின் முன்னோடிகளில் ஒன்று.

கேள்வி: சென்னையில் பி.எஸ்சி. உளவியல் முடித்தேன். இப்போது டல்லாஸில் இருக்கிறேன். இந்தப் பட்டம் போதுமா அக்கா?

போதாதும்மா. சான்றிதழ்த் தேர்வு எழுத, பட்டத்தோடு குறிப்பிட்ட 10 பாடங்களும், சான்றிதழ் பெற்றவரின் மேற்பார்வையில் குறைந்தது 600 மணி நேர இன்டர்ன்ஷிப்பும் வேண்டும். அந்தப் பத்தில் முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன்: குழந்தை வளர்ச்சி இரண்டு. குடும்ப அமைப்பு, விளையாட்டு, இழப்பும் துக்கமும், ஆராய்ச்சி முறை தலா ஒன்று. சைல்டு லைஃப் பாடம் ஒன்றைச் சான்றிதழ் பெற்றவரே நடத்தியிருக்க வேண்டும். உளவியல் படித்தவர்களுக்கு இதுவும் துக்கம் பற்றிய பாடமும்தான் பெரும்பாலும் விடுபடும். முதுகலைக்குப் பணம் கட்டும் முன் உங்கள் மார்க் ஷீட்டைப் பாடப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தேர்வில் 150 கேள்விகள். சான்றிதழ் 5 ஆண்டுக்குச் செல்லும்.

கேள்வி: இன்டர்ன்ஷிப்புக்கு இரண்டு முறை விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. எங்கே தவறுகிறேன்?

இடங்கள் குறைவு என்பது உண்மை. ஆனால் 'எனக்குக் குழந்தைகள் என்றால் உயிர்' என்று எழுதினால் தேர்வுக் குழுவுக்கு உங்களைப் பற்றி எதுவும் தெரியாது. பார்த்ததை எழுதுங்கள். உதாரணமாக, நான்கு வயதுக் குழந்தை, தான் செய்த குறும்புக்குத் தண்டனையாகத்தான் காய்ச்சல் வந்தது என்று நம்பும். அதை எந்த விளையாட்டில் கண்டுபிடித்தீர்கள், என்ன சொன்னீர்கள், அடுத்து அது என்ன செய்தது? வளர்ச்சிக் கோட்பாட்டை அந்தக் காட்சியோடு இணைத்து ஒரு பத்தி எழுதினாலே போதும். குழந்தையின் பெயரும் அடையாளமும் மட்டும் வரவே கூடாது.

கேள்வி: இன்டர்ன்ஷிப்பில் சம்பளம் உண்டா?

பெரும்பாலும் கிடையாது. வாரம் 40 மணி நேரம் என்றாலும் 15 வாரம் ஆகும். அதற்கான வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் முன்பே சேர்த்து வையுங்கள்.

கேள்வி: ஐ.வி. (ரத்த நாளத்தில் மருந்து ஏற்றும் குழாய்) போடும்போது சைல்டு லைஃப் ஸ்பெஷலிஸ்ட் என்னதான் செய்வார்? பொம்மை காட்டுவாரா?

பொம்மை காட்டுவது கடைசி வேலை. முதல் வேலை நேரம் பார்ப்பது. மரத்துப்போகச் செய்யும் லிடோகெயின் 4% களிம்பு வேலை செய்ய ஏறக்குறைய 30 நிமிடம் பிடிக்கும். ஊசியோடு நர்ஸ் வந்தபிறகு தடவிப் பயனில்லை. அதனால் முன்கூட்டியே நினைவூட்டுவார். அடுத்து, பொம்மையின் கையில் நிஜக் குழாயைப் பொருத்தி, 'ஊசி வெளியே வந்துவிடும், மெல்லிய குழாய் மட்டும்தான் உள்ளே இருக்கும்' என்று காட்டுவார். பல பிள்ளைகள் ஊசி உள்ளேயே இருக்கும் என்று நினைத்துத்தான் கையை அசைக்கவே பயப்படுகிறார்கள்.

படுக்கவைத்து நாலு பேர் அமுக்குவதைத் தவிர்த்து, அம்மா மடியில் நெஞ்சோடு நெஞ்சாக உட்காரவைத்துக் கையை மட்டும் நீட்டச் சொல்வார். அறையில் ஒரே ஒருவர் பேச வேண்டும்; எல்லோரும் சேர்ந்து தேற்றினால் பயம்தான் கூடும். 'வலிக்காது' என்று ஒருபோதும் சொல்லக்கூடாது. வலித்துவிட்டால், அடுத்த முறை உங்கள் சொல் எதுவும் எடுபடாது. 'சிலருக்குக் கிள்ளுவது போல இருக்கும், சிலருக்கு ஒன்றும் தெரியாது; உனக்கு எப்படி இருந்தது என்று அப்புறம் சொல்லு' என்பது போதும்.

கேள்வி: அறுவை சிகிச்சை பற்றிக் குழந்தையிடம் எத்தனை நாள் முன்னால் சொல்வது?

மூன்று முதல் ஐந்து வயது என்றால் ஓரிரு நாள். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் வரை. ஆங்கிலத்தில் பேசும் குழந்தையிடம் 'புட் டு ஸ்லீப்' (தூங்கவைப்பது) என்று சொல்லாதீர்கள். வீட்டு நாயைக் கருணைக்கொலை செய்ததற்கும் அதே சொல்லைக் கேட்டிருக்கும். 'மருந்து கொடுத்து வரவைக்கும் தூக்கம். ஆபரேஷன் முடிந்ததும் மருந்தை நிறுத்துவார்கள், நீ விழித்துக்கொள்வாய்' என்று சொல்லுங்கள்.