ஷார்ட்கட்கள் நோட்பேடில் திறக்கின்றன, பிடிஎஃப் எட்ஜுக்கே ஓடுகிறது: என்ன செய்வது?

கேள்வி: வீட்டில் இருப்பது விண்டோஸ் 11 கணினி. பிள்ளைகள் எதையோ மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது. டெஸ்க்டாப்பில் எந்த ஷார்ட்கட்டை டபுள் கிளிக் செய்தாலும் நோட்பேட் திறந்து கிறுக்கல் எழுத்துகள் வருகின்றன. ஐகான்களும் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிட்டன. இன்னொரு தொல்லை, பிடிஎஃப் கோப்புகளை எங்கள் ரீடரில் திறக்கும்படி மாற்றினாலும் சில நாளில் எட்ஜுக்கே திரும்பிவிடுகிறது. வீடியோவில் பார்த்து, கோப்பு வகையை நிரலோடு இணைக்கும் 'அசோக்' கமாண்டையும் கொடுத்துப் பார்த்தோம், பலனில்லை. விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம். கோப்புகளும் நிரல்களும் நன்றாகத்தான் இருக்கின்றன. எந்த வகைக் கோப்பை எந்த நிரல் திறக்க வேண்டும் என்ற பதிவு மட்டும் தவறாகியிருக்கிறது.

அந்தப் பதிவு விண்டோஸில் இரண்டு அடுக்குகளில் இருக்கிறது. ஒன்று கணினி முழுமைக்கும் பொதுவானது. இன்னொன்று ஒவ்வொரு யூசருக்கும் தனியானது. இரண்டும் முரண்பட்டால் யூசர் அடுக்கு சொல்வதுதான் செல்லும். 'அசோக்' கமாண்ட் பொது அடுக்கை மட்டுமே மாற்றும். உங்கள் கோளாறு யூசர் அடுக்கில் இருப்பதால் அது வேலை செய்யாததில் வியப்பில்லை. (கமாண்ட் தட்டும் இரண்டு விண்டோக்களில், பவர்ஷெல்லில் இதைத் தட்டினால் கமாண்டே இல்லை என்று வரும். இது கமாண்ட் ப்ராம்ப்டுக்கு உரியது.)

சந்தேகம் இருந்தால் அதே கணினியில் வேறொரு யூசர் அக்கவுன்டில் நுழைந்து பாருங்கள். அங்கே ஷார்ட்கட்கள் ஒழுங்காகத் திறந்தால் பழுது உங்கள் யூசர் அடுக்கில்தான்.

முதலில் ஷார்ட்கட்டைச் சரிசெய்வோம். ஷார்ட்கட் என்பதே ஒரு சிறிய கோப்பு. அதன் எக்ஸ்டென்ஷன் (பெயரின் முடிவில் கோப்பின் வகையைக் காட்டும் பகுதி) .எல்என்கே. எக்ஸ்டென்ஷன்களைக் காட்டச் சொல்லி செட்டிங் வைத்தாலும் விண்டோஸ் இதை மட்டும் மறைத்தே வைக்கும். இதற்கு நோட்பேட் என்று பதிவாகிவிட்டால், நிரல் இயங்காமல் ஷார்ட்கட் கோப்பின் உள்ளடக்கமே எழுத்தாகக் கொட்டும்.

ஸ்டார்ட் மெனுவிலும் டாஸ்க்பாரிலும் இருப்பவையும் பெரும்பாலும் ஷார்ட்கட்களே, அவற்றை நம்ப வேண்டாம். விண்டோஸ் கீயுடன் ஆர் அழுத்தி, வரும் ரன் பெட்டியில் ரெஜ்எடிட் (ஆங்கிலத்தில் ஆர், இ, ஜி, இ, டி, ஐ, டி) என்று தட்டி என்டர் கொடுங்கள். விண்டோஸ் தன் பதிவுகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரி திறக்கும். இடப்பக்க மரத்தில் ஹெச்கீ கரன்ட் யூசர் → சாஃப்ட்வேர் → மைக்ரோசாஃப்ட் → விண்டோஸ் → கரன்ட்வெர்ஷன் → எக்ஸ்ப்ளோரர் → ஃபைல்எக்ஸ்ட்ஸ் → .எல்என்கே வரை இறங்குங்கள். எதையும் தொடுவதற்கு முன் .எல்என்கே மேல் ரைட் கிளிக் செய்து 'எக்ஸ்போர்ட்' கொடுத்து ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்குள் 'யூசர்சாய்ஸ்' என்றொரு கீ (ரெஜிஸ்ட்ரியில் ஃபோல்டர் போல இருப்பது) இருக்கும். அதை மட்டும் டெலீட் செய்யுங்கள். உள்ளே இருக்கும் மதிப்பைத் திருத்தப் பார்க்காதீர்கள், விண்டோஸ் அனுமதிக்காது. கீயை முழுதாக நீக்கிவிட்டால் பொது அடுக்கு தானாகவே பொறுப்பேற்கும். பிறகு டாஸ்க் மேனேஜரில் 'விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்' வரியைத் தேர்ந்து 'ரீஸ்டார்ட்' கொடுங்கள், அல்லது கணினியையே ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஐகான்கள் பழைய நிலைக்கு வந்துவிடும்.

யூசர்சாய்ஸ் அங்கே இல்லையென்றால் ஹெச்கீ கிளாஸஸ் ரூட்டில் .எல்என்கே கீயைப் பாருங்கள். அதன் 'டீஃபால்ட்' மதிப்பு எல்என்கேஃபைல் என்று இருக்க வேண்டும். எல்என்கேஃபைல் என்ற கீக்குள் 'இஸ்ஷார்ட்கட்' என்ற காலி மதிப்பும் இருக்க வேண்டும். அது போயிருந்தால் ஐகானின் மூலையில் வரும் சின்ன அம்புக்குறியும் காணாமல் போயிருக்கும். இந்த இடம்வரை கெட்டிருந்தால் கைவைத்துத் திருத்துவதைவிடப் பழைய ரீஸ்டோர் பாயின்டுக்கு (விண்டோஸ் முன்பு சேமித்துவைத்த நிலைக்கு) திரும்புவதே நல்லது.

பிடிஎஃப் கதை வேறு. விண்டோஸ் 8 முதல், யூசர் தேர்வோடு ஒரு ஹாஷ் மதிப்பும் (தேர்வு முறைப்படி பதிவானதா என்று சரிபார்க்கும் குறியீடு) சேர்த்துப் பதிவாகிறது. கணினியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் நிரல்களும் சில பழைய இன்ஸ்டாலர்களும் ஹாஷ் இல்லாமல் பதிவை மாற்றும். ஹாஷ் பொருந்தவில்லை என்று கண்டதும் விண்டோஸ் அந்தத் தேர்வைத் தள்ளிவிட்டுத் தன் இயல்பு நிரலுக்கே போய்விடும். 2024இல் வந்த அப்டேட்களிலிருந்து பிடிஎஃப், இணைய லிங்க்குகள் ஆகியவற்றின் பதிவுக்கு விண்டோஸின் உள்ளே இயங்கும் ஒரு டிரைவரே காவல் இருக்கிறது. அதனால் இதற்கு ரெஜிஸ்ட்ரி பக்கம் போகாதீர்கள்.

சுத்தம் செய்யும் நிரல் ஏதும் இருந்தால் முதலில் அதை நீக்குங்கள். அடுத்து பிடிஎஃப் ரீடரை அன்இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் கொடுத்து, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிதாக எடுத்து இன்ஸ்டால் செய்யுங்கள். பொது அடுக்கில் அதன் பதிவு விட்டுப்போயிருந்தால் இப்போது திரும்ப எழுதப்படும். இதற்குப் பிறகே செட்டிங்ஸ் → ஆப்ஸ் → டீஃபால்ட் ஆப்ஸ் சென்று, மேலே உள்ள பெட்டியில் .பிடிஎஃப் (ஆங்கிலத்தில்) தட்டி, ரீடரைத் தேர்ந்து 'செட் டீஃபால்ட்' கொடுங்கள். அதே பக்கத்தின் அடியில் எல்லா நிரல் தேர்வுகளையும் 'ரீசெட்' செய்யும் பட்டன் ஒன்று உண்டு. ஒரே ஒரு வகைக் கோப்புக்காக அதை அழுத்தினால் பிரவுசர், பாட்டு, படம் என்று எல்லாத் தேர்வும் அழிந்துவிடும்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். பிரவுசரில் மெயிலைத் திறந்து அதில் வந்த பிடிஎஃப்பை அங்கிருந்தே கிளிக் செய்தால், பிரவுசர் தன் உள்ளேயே பிடிஎஃப்பைக் காட்டும். அதற்கும் இந்தப் பதிவுக்கும் தொடர்பில்லை. பிரவுசரின் செட்டிங்ஸில் பிடிஎஃப் பகுதிக்குப் போய் டவுன்லோடு செய்யும்படி மாற்ற வேண்டும்.

'ஓபன் வித்' பட்டியலில் ஒரு நிரலைத் தேடிக் காட்டியும் அது பட்டியலில் சேரவே இல்லையா? அந்த நிரல் முன்பு வேறு ஃபோல்டரில் இருந்திருக்கும். அதே பெயரில் பழைய முகவரி ரெஜிஸ்ட்ரியில் தங்கியிருக்கும். ஹெச்கீ கரன்ட் யூசர் → சாஃப்ட்வேர் → கிளாஸஸ் → அப்ளிகேஷன்ஸ் என்ற இடத்தில் அந்த நிரலின் பெயரைத் தேடி, ஷெல் → ஓபன் → கமாண்டில் உள்ள முகவரியைத் திருத்துங்கள். அங்கே இல்லையென்றால் ஹெச்கீ கிளாஸஸ் ரூட்டின் அப்ளிகேஷன்ஸில் பாருங்கள். அந்த வரியின் முடிவில் இருக்கும் %1 கோப்பின் முகவரிக்கான இடம். அது விட்டுப்போனால் நிரல் வெறுமையாகத் திறக்கும். அதைச் சுற்றி இரட்டை மேற்கோள் குறி இல்லையென்றால், பெயரிலோ ஃபோல்டரிலோ இடைவெளி உள்ள கோப்புகள் மட்டும் 'கிடைக்கவில்லை' என்று வரும்.

இவ்வளவு செய்தும் மசியவில்லை என்றால் புதிய யூசர் அக்கவுன்ட் ஒன்று உருவாக்கி, கோப்புகளை அதற்கு நகர்த்திவிடுங்கள். யூசர் அடுக்கு புதிதாகவே தொடங்கும். நிரல்களைத் திரும்ப ஏற்றும் வேலை பெரும்பாலும் இருக்காது, தனி யூசருக்கென்று இன்ஸ்டால் ஆன ஒன்றிரண்டைத் தவிர.