வருடா வருடம் வரும் புதுப் போன்களில் உண்மையிலேயே புதிதாக ஏதாவது இருக்கிறதா?

“இரண்டு வருடப் போன் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனாலும் புது மாடல் வரும்போதெல்லாம் மனசு அலைபாய்கிறது. உண்மையிலேயே புதிதாக ஏதாவது தருகிறார்களா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். புது மாடல் வெளியானால் எல்லோரும் பேசுவது திரையையும் கேமராவையும் பற்றித்தான். அந்த இரண்டையும் கழித்துவிட்டால் ஒரு போனில் என்ன மிஞ்சும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். புதுமை வரத்தான் செய்கிறது. ஆனால் அது வருடக் கணக்கு வைத்து வருவதில்லை. வந்தாலும் பெரும்பாலும் கையில் இருக்கும் பழைய போனுக்கே வந்து சேர்ந்துவிடுகிறது.

நான் கல்லூரி விடுதியில் இருந்தபோது எங்களிடம் இருந்தது பட்டன் வைத்த நோக்கியா. சிம்பியன் என்ற இயங்குதளத்தில் ஓடிய அந்தப் போனில் ‘டாக்ஸ்’ என்ற மென்பொருளை ஏற்றினால் மெனுவை வாசிக்கும், மெசேஜை வாசிக்கும். டச் போன் பற்றிக் கேள்விப்பட்டதும் அறையில் எல்லோருக்கும் பயம். பட்டனே இல்லாத கண்ணாடியில் எதைத் தடவி எதைக் கண்டுபிடிப்பது? 2009-இல் ஐபோன் 3ஜிஎஸ் வாய்ஸ்ஓவரோடு வந்தது. விரல் பட்ட இடத்தில் இருப்பதைச் சொல்லும், இரண்டு முறை தட்டினால் திறக்கும். அதே வருடம் ஆண்ட்ராய்டு 1.6-இல், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் வந்தது. வழவழவென்ற ஒரு கண்ணாடியை எங்களாலும் பயன்படுத்த முடிந்ததே, அதைத்தான் நான் புதுமை என்பேன்.

இனி என் கதை. 2018-இல் வாங்கிய ஒரு போன் வைத்திருந்தேன். பின்பக்கம் கைரேகைக்கு ஒரு சின்னக் குழி. சட்டைப் பையிலிருந்து எடுக்கும்போதே ஆள்காட்டி விரல் தானாக அங்கே போய் உட்காரும், போன் காதருகே வருவதற்குள் திறந்துவிடும். கீழே இயர்போன் ஓட்டை. 2023-இல் என் மைத்துனன், “அஞ்சு வருஷம் ஆச்சு மாமா, இன்னும் எதுக்கு இதைக் கட்டிக்கிட்டு அழறீங்க?” என்று கடைக்குக் கூட்டிப்போனான். இருபத்தெட்டாயிரம் ரூபாய். கடைக்காரத் தம்பி நல்ல பையன். “இங்கே வைங்க சார்” என்று என் கட்டைவிரலைப் பிடித்துத் திரையின் மேல் வைத்தார், திறந்தது. அவர் கையை எடுத்ததும் இடம் தொலைந்துபோனது. கைரேகை பார்க்கும் கருவி கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது, மேலே தடவினால் எல்லா இடமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கடைசியில் என் மகள்தான் டெம்பர்டு கிளாஸில், அந்த இடத்துக்குச் சற்றுக் கீழே, நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தாள். ஆறு புள்ளிகளை வைத்து எழுதி, விரலால் தடவிப் படிக்கும் பிரெய்லில் ‘அ’ எழுத்துக்கு அந்த ஒரு புள்ளிதான்.

இயர்போன் விஷயம் இதைவிட மோசம். புதுப் போனில் ஓட்டை இல்லை. ஸ்பீக்கரில் கேட்கலாமே என்பீர்கள். ஆசிரியர் அறையில் பத்துப் பேருக்கு நடுவில் வங்கியின் ஓடிபி எண்ணைப் போன் உரக்க வாசித்தால் என்ன செய்வது? சரி என்று புளூடூத் இயர்போன் வாங்கினேன். டாக்பேக்கில் நான் தட்டச்சு செய்வது இப்படித்தான்: விசைகளின் மேல் விரலை நகர்த்திக்கொண்டே போவேன், ‘க’ என்று காதில் விழுந்ததும் விரலை எடுப்பேன், எழுத்து விழும். புளூடூத்தில் சத்தம் ஒரு நொடியின் ஏதோ ஒரு பங்கு தாமதமாக வருகிறது. பாட்டுக் கேட்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. எனக்கு ‘க’ என்று கேட்பதற்குள் விரல் அடுத்த எழுத்துக்குப் போயிருக்கும். தலைமையாசிரியருக்கு ஒரு விடுப்பு மெசேஜ் அனுப்ப அன்று கால் மணி நேரம் ஆனது. டைப்-சி துளையில் செருகும் இயர்போனும் வாங்கிப் பார்த்தேன். அதைச் செருகினால் சார்ஜ் போட முடியாது.

இது எனக்கு மட்டும் நடந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐபோன் வைத்திருந்த நண்பர்களுக்கும் விரலால் தொட்டு உணரும் ஹோம் பட்டன் 2017-இல் ஐபோன் எக்ஸ் வந்தபோது மறையத் தொடங்கியது. எஸ்.இ மாடலில் மட்டும் மிச்சம் இருந்தது. 2025 பிப்ரவரியில் 16ஈ வந்ததும் அந்த எஸ்.இ-யையும் நிறுத்திவிட்டார்கள்.

இப்போது மறுபக்கம். 2020 ஏப்ரலில் கூகுள், டாக்பேக்கில் பிரெய்ல் கீபோர்டைச் சேர்த்தது. போனைப் படுக்கைவாட்டில், திரை வெளியே பார்க்கும்படி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆறு விரலை ஆறு புள்ளிகளாக வைத்து அழுத்தலாம். முதலில் ஆங்கிலத்துக்குத்தான் வந்தது. ஆனாலும் எட்டு வயதில் ஸ்லேட்டும் ஊசியும் வைத்துக் குத்திப் பழகிய எழுத்து என் போனுக்குள் வந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அது ஆண்ட்ராய்டு 5 ஓடும் போனிலேயே வேலை செய்தது, 2014-இல் வெளியான பதிப்பு அது. நான் செலவழித்தது கொஞ்சம் டேட்டா மட்டும்.

அதே 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி ‘மணி’ என்ற செயலியை விட்டது. நோட்டைக் கேமரா முன் காட்டினால் எத்தனை ரூபாய் என்று சொல்லும், இணையம் தேவையில்லை. இதன் அருமை உங்களுக்குப் புரிய வேண்டுமானால் ஒரு 200 ரூபாய் நோட்டையும் ஒரு 500 ரூபாய் நோட்டையும் எடுத்து ஒன்றின் மேல் ஒன்று வையுங்கள். அகலம் ஒன்றே, நீளத்தில் 4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஓரத்தில் மேடாக அச்சடித்த கோடுகள் உண்டு, ஆனால் நாலு கை மாறிய நோட்டில் அது மழுங்கிவிடும். பேருந்தில் நடத்துநரிடம் நம்பிக் கொடுத்துவிட்டு மீதிக்கு நிற்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தச் செயலி ஓடியதும் பழைய போனில்தான்.

“அப்போது கருவியில் புதுமையே இல்லையா?” என்று கேட்பீர்கள். இருக்கிறது, அதை மறைத்தால் நான் சொல்வது நியாயமாகாது. 2020-இல் ஐபோன் 12 புரோவில் லைடார் வந்தது. ஒளியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரத்தை அளக்கும் கருவி. எதிரில் ஆள் எத்தனை தூரத்தில் நிற்கிறார் என்று சொல்லும். 2022-இல் வந்த அப்டேட்டுக்குப் பிறகு கதவு எங்கே, திறந்திருக்கிறதா, தள்ள வேண்டுமா இழுக்க வேண்டுமா என்பது வரை சொல்கிறது. இதைப் பழைய போனில் மென்பொருளாக மட்டும் கொடுத்திருக்க முடியாது. ஆனால் அதற்குப் பிறகு எத்தனை மாடல் வந்துவிட்டன! கண் தெரிந்தவர்கள் நல்ல கேமராவுக்காகப் போன் வாங்குவதையும் நான் குறை சொல்லவில்லை. என் மகளுக்கும் படம் எடுக்கப் பிடிக்கும்.

என் உண்மையான கோபம் வேறு இடத்தில். என் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கி வருடத்துக்கு ஒருமுறை செயலியின் தோற்றத்தை மாற்றுகிறது. மாற்றியதும் டாக்பேக் “பட்டன், பட்டன், பட்டன்” என்று மட்டும் சொல்லும். எந்தப் பட்டன் என்று பெயர் எழுதி வைக்க எத்தனை நேரம் ஆகும்? அதைச் சொல்லலாம் என்று கிளைக்கு நேரில் போனால், செக் புக் கேட்ட மற்றொரு நாள்போலவே, “துணைக்கு யாரையாவது கூட்டிட்டு வாங்க” என்கிறார்கள். பார்வையில்லாதவர்களுக்கும் செக் புக் உட்பட எல்லாச் சேவையும் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2008-லேயே சுற்றறிக்கை விட்டாயிற்று. பதினெட்டு வருடமாகச் சொந்தச் சம்பளம் வாங்குகிறவன் நான். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். போன் நிறுவனத்தின் இணையதளத்துக்குப் போய் உங்கள் போனுக்கு இன்னும் எத்தனை வருடம் அப்டேட் உண்டு என்று பாருங்கள். 2023-இல் பிக்சல் 8-க்கும் 2024-இல் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு வருட அப்டேட் என்று அறிவித்தார்கள். கேமராவில் ஒரு லென்ஸ் கூடுவதைவிட அது எனக்குப் பெரிய செய்தி. அப்டேட் வந்துகொண்டிருந்து பேட்டரி மட்டும் இறங்கியிருந்தால், பேட்டரியை மாற்றிவிட்டு இருங்கள். அப்படியும் புதுசு வாங்கத்தான் வேண்டுமென்றால், பணம் கட்டுவதற்கு முன்னால் கடையிலேயே கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் அதைக் கையில் வைத்துப் பாருங்கள்.