பழைய செயின்சா நிற்கப்போகிறதாம்: கடன் வாங்கி இரண்டு வாங்கி வைக்கலாமா?

கேள்வி: நான் ஒப்பந்த முறையில் மரம் அறுக்கும் தொழில் செய்கிறேன். என்னிடம் 70 சிசி செயின்சா ஒன்றும், கிளை கழிப்பதற்கு 50 சிசி செயின்சா ஒன்றும் இருக்கின்றன. பெரியது ஏழு ஆண்டுகளாக உழைக்கிறது. இப்போது சூடேறினால் இழுவை குறைகிறது. இந்த மாடலை நிறுவனம் விரைவில் நிறுத்திவிடும், அதன் இடத்தில் எலக்ட்ரானிக் கார்புரேட்டருடன் (எரிபொருளையும் காற்றையும் தானே அளந்து கலக்கும் பாகம்) புதிய மாடல் வருகிறது என்று தொழிலில் இருப்பவர்கள் பேசிக்கொள்கிறார்கள். கடன் வாங்கியாவது பழைய மாடலில் இரண்டை இப்போதே வாங்கி வைத்துக்கொள் என்கிறார்கள் சிலர். பொறுத்திருந்து புதியதை வாங்கு என்கிறார்கள் வேறு சிலர். விற்பனையாளர் ஒருவர் புதிய மாடலுக்கு முன்பணம் கட்டச் சொல்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் கடிதத்தில் நான் முதலில் கவனித்தது வதந்தியை அல்ல, "சூடேறினால் இழுவை குறைகிறது" என்ற வரியைத்தான். புதிய மாடல் வந்தாலும் வராவிட்டாலும் உங்களுக்கு வருமானம் ஈட்டித் தரும் இயந்திரம் தளர்ந்துகொண்டிருக்கிறது என்பது உறுதியான செய்தி, மற்றது பேச்சு. எனவே உங்கள் பணத்தை எங்கே போடுவது என்ற முடிவை உங்கள் இயந்திரத்தின் ஒரு மணி நேர உழைப்புக்கு ஆகும் செலவை வைத்தே எடுக்க வேண்டும். வதந்திக்கு அந்தக் கணக்கில் ஓரிடம் உண்டு, ஆனால் அது சிறிய இடம்.

வதந்தியை முழுவதுமாகத் தள்ளிவிடவும் நான் சொல்லமாட்டேன், ஏனெனில் இத்தகைய மாற்றங்கள் உண்மையிலேயே நடந்திருக்கின்றன. ஸ்டில் நிறுவனத்தின் எம்எஸ் 260 போய் எம்எஸ் 261 வந்தது. ஹஸ்க்வர்னாவின் 346 எக்ஸ்பி இருந்த இடத்துக்கு 550 எக்ஸ்பி வந்தது. இரண்டுமே தொழில்காரர்கள் விரும்பி வைத்திருந்த மாடல்கள். மாற்றத்துக்குப் பெரிய காரணம் புகைக் கட்டுப்பாடு. செயின்சாவில் இருக்கும் டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில், எரிந்த புகையைச் சிலிண்டரிலிருந்து தள்ளி வெளியேற்றும் வேலையையும் எரிபொருள் கலவையே செய்வதால், அதில் ஒரு பங்கு எரியாமலே புகைவழியாக வெளியேறிவிடுகிறது. புதிய தலைமுறை இன்ஜின்கள் கலவைக்கு முன்னால் வெறும் காற்றை உள்ளே தள்ளி அந்த இழப்பைக் குறைக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஐந்தாம் கட்டப் புகை விதிகள் 2019 முதல் சிறிய இன்ஜின்களுக்கும் நடைமுறைக்கு வந்தன. அத்தகைய விதி ஒன்று வரும்போது நிறுவனங்கள் பழைய வடிவமைப்பைத் திருத்துவதா நிறுத்துவதா என்று முடிவெடுத்தாக வேண்டியிருக்கிறது.

ஆனால் "மாடல் மாறும்" என்பது உண்மையாக இருந்தாலும், "உங்களுக்கு, இப்போது, இந்த விலையில் மாறும்" என்பது வேறு விஷயம். ஹஸ்க்வர்னாவின் 572 எக்ஸ்பி வந்த பிறகும் சில சந்தைகளில் 372 எக்ஸ்பி தொடர்ந்து விற்பனையில் இருந்தது. எரிபொருளை எலக்ட்ரானிக் முறையில் உள்ளே செலுத்தும் ஸ்டில் எம்எஸ் 500i மாடல் ஐரோப்பாவில் 2019-இல் வந்தது, அமெரிக்கச் சந்தைக்கு 2020-இல்தான் போய்ச் சேர்ந்தது. கலிபோர்னியாவில் 2021-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தைத் தொடர்ந்து, 2024 முதல் புதிய சிறிய பெட்ரோல் இன்ஜின்களின் விற்பனைக்குக் கடுமையான கட்டுப்பாடு வந்தபோது, பெட்ரோல் செயின்சாவே இனி இல்லை என்ற பேச்சு பரவியது. உண்மையில் 45 சிசியும் அதற்கு மேலும் உள்ள செயின்சாக்கள் அமெரிக்க மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டவை என்பதால் அந்த மாநில விதி அவற்றைத் தொடவில்லை. ஏற்கெனவே கையில் இருந்த இயந்திரங்களைப் பயன்படுத்தவும் தடை இல்லை. அந்தப் பேச்சைக் கேட்டுப் பயந்து 70 சிசி இயந்திரங்களை வாங்கிக் குவித்தவர் யாராவது இருந்தால், அவர் தேவையில்லாமல் பணத்தை முடக்கியிருப்பார்.

இனி, கடன் வாங்கி இரண்டு இயந்திரங்களை வாங்கி வைக்கும் யோசனைக்கு வருகிறேன். நாடு, கடை எதுவானாலும் பொருந்தும்படி, புதிய இயந்திரத்தின் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். இரண்டில் ஒன்று உடனே வேலைக்குப் போகும்; மற்றொன்று மூன்று ஆண்டுகள் பெட்டியில் இருக்கும். கடனுக்கு ஆண்டு வட்டி 12 சதவீதம் என்றால், பெட்டியில் இருக்கும் அந்த இயந்திரத்தின் அடக்கவிலை மூன்றாம் ஆண்டு முடிவில் ஏறக்குறைய 140 ஆகியிருக்கும். அதாவது, அந்த மூன்றாண்டுகளில் அதே தரத்து இயந்திரத்தின் சந்தை விலை 40 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் நீங்கள் முன்கூட்டி வாங்கியதில் ஒரு காசாவது மிச்சம். உங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வாங்கினாலும் கணக்கு மாறாது. அந்தப் பணம் வேறிடத்தில் ஈட்டியிருக்கக்கூடிய வட்டியை இழக்கிறீர்கள், அவ்வளவே. இதற்கு மேல், உத்தரவாதக் காலம் பொதுவாக வாங்கிய நாளிலிருந்தே ஓடத் தொடங்கும் என்பதையும், ரப்பர்க் குழாய்களும் சீல்களும் கார்புரேட்டரின் டயாஃப்ரம் தகடுகளும் உழைக்காமல் கிடந்தாலும் காலத்தால் விறைத்துப்போகும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மூன்றாண்டுகள் கழித்து நீங்கள் பெட்டியைத் திறக்கும்போது கையில் இருப்பது உத்தரவாதம் முடிந்த ஒரு பழைய இயந்திரம். இந்த யோசனையை நான் ஆதரிக்கவில்லை. வருமானம் தராத ஒரு பொருளுக்காகத் தொழில்காரர் வட்டி கட்டக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"பழைய மாடல் நின்றுவிட்டால் உதிரிபாகம் கிடைக்காதே" என்ற பயம்தான் இந்த யோசனைக்கு அடிப்படை என்று நினைக்கிறேன். அந்தப் பயத்தைப் பகுத்துப் பார்த்தால் பாதி கரைந்துவிடும். செயின், பார் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு), ஸ்பார்க் பிளக் ஆகியவை அளவு பொருந்தினால் பல மாடல்களுக்குப் பொதுவானவை. அவை எங்கும் போய்விடாது. ஏர் ஃபில்டர், கிளட்ச் டிரம், ஸ்டார்ட்டர் கயிற்றுப் பகுதி போன்றவை அதிகம் விற்ற மாடல்களுக்கு நீண்ட காலம் கிடைக்கின்றன. நிறுவனம் தயாரிக்காவிட்டாலும் மாற்றுத் தயாரிப்பாளர்கள் தயாரிக்கிறார்கள், ஏனெனில் அங்கே வாடிக்கையாளர் கூட்டம் இருக்கிறது. உண்மையில் தட்டுப்பாடு வரக்கூடியவை இக்னிஷன் காயில் (பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் தருவது), ஃப்ளைவீல், கிராங்க்கேஸ் போன்ற அந்த மாடலுக்கே உரிய பாகங்கள். ஆகவே வதந்திக்காகப் பணம் செலவிட்டே ஆக வேண்டுமென்றால், முழு இயந்திரத்துக்கு 100 செலவிடுவதைவிட, நிறுவனத்தின் அசல் இக்னிஷன் காயில் ஒன்றையும் ஒரு பிஸ்டன்-சிலிண்டர் தொகுப்பையும் வாங்கி வைப்பது பல மடங்கு மலிவான காப்பீடு. அதையும் உங்கள் பெரிய இயந்திரத்தின் மற்ற பாகங்கள் நல்ல நிலையில் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

அந்த நிலையை அறிய ஒரு சோதனை இருக்கிறது. மெக்கானிக்கிடம் கேட்டால் சிறிது நேரத்தில் செய்துவிடுவார். சைலன்சரைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டர் கயிற்றை மெல்ல இழுத்து, புகைவாய்த் துவாரத்தின் வழியாகப் பிஸ்டனின் பக்கவாட்டை விளக்கொளியில் பார்க்க வேண்டும். அது மழமழவென்று, தயாரிப்பின்போது விழுந்த மெல்லிய குறுக்கு வரிகள் இன்னும் தெரியும்படி இருந்தால் நல்லது. மேலும் கீழுமாகக் கீறல் விழுந்து, அலுமினியம் அப்பிக்கொண்டதுபோல் இருந்தால், எண்ணெய்க் கலவை போதாமலோ காற்றுக் கசிவினாலோ அது சூடேறித் தேய்ந்திருக்கிறது. பிளக் துவாரத்தில் அழுத்தமானியைப் பொருத்திக் கயிற்றை இழுத்தால், இந்த வகுப்பில் ஆரோக்கியமான இன்ஜின் பொதுவாக 150 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவைக் காட்டும். 120-க்குக் கீழே இறங்கியிருந்தால் நீங்கள் சொல்லும் இழுவைக் குறைவுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அழுத்தம் சரியாக இருந்து சூட்டில் மட்டும் தடுமாறினால், குறை கார்புரேட்டரிலோ எரிபொருள் வழியிலோ காயிலிலோ இருக்கலாம். அதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது.

பிஸ்டன்-சிலிண்டர் மாற்ற வேண்டும் என்றே முடிவானால் என்ன செய்வது? கூலியோடு சேர்த்து 25 ஆகிறது, அதன்பின் இயந்திரம் 800 மணி நேரம் உழைக்கும் என்று வைத்துக்கொண்டால், 100 மணி நேரத்துக்கு ஏறக்குறைய 3 செலவு. புதியதை 100-க்கு வாங்கி, 2,000 மணி நேரம் உழைத்தபின் 20-க்கு விற்கிறீர்கள் என்றால், 100 மணி நேரத்துக்கு 4 செலவு. பார்த்தால் பழுதுபார்ப்பது மலிவு. ஆனால் இந்த இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 1 மட்டுமே. பழைய இயந்திரம் வேலைக்கு நடுவே நின்று ஒரு முழு நாள் கூலியும் ஆட்களின் சம்பளமும் போனால் அந்த மிச்சம் ஒரே நாளில் அழிந்துவிடும். எனவே உங்கள் ஒரு நாள் நிகர வருமானம் எவ்வளவு, பழைய இயந்திரம் ஆண்டுக்கு எத்தனை நாள் உங்களை நிறுத்தி வைக்கிறது என்ற இரண்டு எண்களையும் எழுதிப் பாருங்கள். இந்த எண்கள் எனக்குத் தெரியாமல் நான் முடிவு சொல்ல முடியாது, உங்களுக்குத் தெரியும். மேலே சொன்ன 25, 800, 2,000 ஆகியவற்றையும் உங்கள் மெக்கானிக் சொல்லும் எண்களால் மாற்றிக்கொள்ளுங்கள். கணக்கின் முறைதான் முக்கியம்.

புதிய மாடலுக்காகக் காத்திருப்பதால் கிடைக்கும் ஆதாயமும் கணக்கிடக்கூடியதே. புதிய தலைமுறை இன்ஜின்கள் பழையவற்றைவிட 20 சதவீதம் வரை எரிபொருளை மிச்சப்படுத்துவதாகத் தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். "வரை" என்பதை மறக்காமல், உச்ச அளவையே எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 5 லிட்டர் எரிக்கிறீர்கள், ஆண்டுக்கு 200 நாள் வேலை என்றால் 200 லிட்டர் பெட்ரோலும், 50-க்கு 1 என்ற விகிதத்தில் 4 லிட்டர் டூ-ஸ்ட்ரோக் எண்ணெயும் மிச்சமாகும். அதை உங்கள் ஊர் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். முழுநேரம் உழைப்பவருக்கு அது பொருட்படுத்தத்தக்க தொகை, மாதத்தில் சில நாள் மட்டும் அறுப்பவருக்கு அல்ல. எதிர்ப்பக்கத்தில், ஸ்டில்லின் எம்-டிரானிக், ஹஸ்க்வர்னாவின் ஆட்டோடியூன் போன்ற எலக்ட்ரானிக் அமைப்புகளைத் திருப்புளியால் திருகிச் சரிசெய்ய முடியாது; கோளாறு என்றால் கணினிப் பரிசோதனைக் கருவி உள்ள சேவை மையத்துக்குத்தான் போக வேண்டும். அந்த மையம் உங்களுக்கு அருகில் இருந்தால் இது ஒரு குறையே அல்ல. ஒரு நாள் பயணத் தூரத்தில் இருந்தால், மிச்சமான பெட்ரோல் அந்தப் பயணங்களிலேயே கரையும். முதல் தொகுதி இயந்திரங்களை வாங்குபவர்கள் திருத்தங்களுக்கும் காத்திருக்க வேண்டியிருக்கும். 550 எக்ஸ்பி-யே பின்னர் மார்க் 2 என்ற திருத்திய வடிவில் மீண்டும் வந்தது. ஆகவே புதியதுதான் வேண்டும் என்றாலும், அது உங்கள் சந்தைக்கு வந்து ஓராண்டு ஆன பின் வாங்குவதையே நான் விரும்புவேன்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து நான் சொல்வது இது: இந்த வாரமே இயந்திரத்தைச் சோதியுங்கள். சிறு கோளாறு என்றால் சரிசெய்து ஓட்டுங்கள். ஒவ்வொரு 100 மணி நேர உழைப்புக்கும் புதிய இயந்திர விலையில் 4 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். வதந்தி உண்மையாகும் நாளில் கடன் இல்லாமல் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களிடம் இருக்கும். இன்ஜின் உண்மையாகவே முடிந்துவிட்டது என்றால், இப்போது கடையில் இருக்கும், உங்கள் மெக்கானிக்குக் கைவந்த அந்தப் பழைய மாடலில் ஒன்றை மட்டும் வாங்குங்கள். நிறுத்தப்போகிறார்கள் என்ற பேச்சு இருக்கும்போது விற்பனையாளரிடம் தள்ளுபடி கேட்பதற்கு உங்களுக்கு நியாயம் இருக்கிறது; இருப்பில் தேங்கிவிடுமோ என்ற கவலை அவருக்கும் இருக்கும். அந்த ஒன்றுக்குக் கடன் தேவைப்பட்டால் வாங்கலாம், ஏனெனில் அது மறுநாளே சம்பாதிக்கத் தொடங்கும். தவணைக் காலம் மட்டும் இயந்திரத்தின் உழைப்புக் காலத்தில் பாதியைத் தாண்டாமல் இருக்கட்டும். உங்கள் 50 சிசி இயந்திரத்தைப் பற்றி இப்போது ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

கடைசியாக முன்பணம். நிறுவனம் அறிவிக்காத ஒரு பொருளுக்குப் பணம் கேட்பவர், உங்களிடம் வட்டியில்லாக் கடன் கேட்கிறார் என்றே கொள்ளுங்கள். புதிய இன்ஜின்கள் விற்பனைக்கு வருமுன் புகை விதிச் சான்று பெற வேண்டிய நாடுகள் பல. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அத்தகைய சான்றிதழ்களின் விவரத்தை வெளியிடுகிறது. அந்த மாடலுக்குச் சான்று, நிறுவனத்தின் விலைப்பட்டியல், உதிரிபாகப் பட்டியல் இவற்றில் ஒன்றாவது காட்டும்படி விற்பனையாளரிடம் கேளுங்கள். காட்ட முடிந்து, நீங்களும் வாங்கத் தீர்மானித்தால், மாடலின் பெயர், இறுதி விலை, தரும் தேதி, அந்தத் தேதி தவறினால் முழுத் தொகையும் இத்தனை நாளில் திரும்பும் என்ற வாசகம் ஆகிய நான்கும் எழுதப்பட்ட, கையொப்பமிட்ட ரசீதைப் பெற்ற பிறகே பணம் கொடுங்கள். அவர் எழுதித் தர மறுத்தால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.