மேட்டூர் நிலவரத்திலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: இருப்பு, ஓட்டம் என்ற இரண்டையும் பள்ளிப் பிள்ளைகளுக்கு எப்படி எளிதாகப் புரிய வைப்பது?

மன்னார்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். இந்தப் பாடத்துக்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தனியாக உதாரணம் தேட வேண்டியதில்லை. பாசனத்துக்கு மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 நெருங்கினால் வீட்டில் பேச்சே அந்த அணைதான். நீர்மட்டம் இத்தனை அடி, இருப்பு இத்தனை டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி), வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி, திறப்பு இத்தனை கன அடி என்று பேப்பரிலேயே வந்துவிடுகிறது.

முதலில் அலகைப் பிரித்துக் காட்டுங்கள். “12,000 டிஎம்சி திறந்துட்டாங்க சார்” என்று ஒரு பையன் கட்டாயம் சொல்வான். அணை 120 அடி நிரம்பி நின்றாலே 93.47 டிஎம்சிதான் என்றதும் அவனே திருத்திக்கொள்வான். போட்டோவில் பிடிக்க முடிந்தது இருப்பு, கடிகாரம் இல்லாமல் சொல்ல முடியாதது ஓட்டம். இலக்கணம் இதற்கு மேல் வேண்டாம்.

அப்புறம்தான் உண்மையான கேள்வி. நேற்று வரத்து 20,000 கன அடி, இன்று 15,000. இரண்டு நாளும் திறப்பு 12,000. இன்று நீர்மட்டம் ஏறுமா, இறங்குமா? முக்கால்வாசிப் பேர் “இறங்கும்” என்பார்கள். அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடாதீர்கள், கணக்குப் போடச் சொல்லுங்கள். வினாடிக்கு 3,000 கன அடி மிச்சம். ஒரு நாளுக்கு 86,400 வினாடி. பெருக்கினால் 25.92 கோடி கன அடி. 100 கோடி கன அடி ஒரு டிஎம்சி என்றால், கால் டிஎம்சிக்குக் கொஞ்சம் மேலேயே இருப்பு ஏறியிருக்கிறது! வேகம்தான் குறைந்தது, ஏற்றம் நிற்கவில்லை.

இதில் தடுமாறும் பிள்ளைகளை மட்டம் தட்டக் கூடாது. லிண்டா பூத் ஸ்வீனி, ஜான் ஸ்டெர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மேலாண்மை மாணவர்களிலேயே பலர் தண்ணீர்த் தொட்டிக் கணக்கில் இப்படித்தான் தவறினார்கள்.

அடுத்த நாள் வாளி. பழைய பெயிண்ட் வாளியின் அடியில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை, உள்ளே விரற்கடைக்கு ஒரு கோடு. குழாயைப் பாதி திறந்து அடியில் வைத்துவிட்டு எல்லோரையும் சுற்றி நிற்க வைப்பேன். தண்ணீர் விறுவிறுவென்று ஏறும், பிறகு மெதுவாகும், நான்காவது கோட்டருகே வந்து அப்படியே நிற்கும். “குழாயும் ஓடுது, ஓட்டையும் ஒழுகுது, தண்ணி ஏன் சார் நகர மாட்டேங்குது?” என்று ஒரு பெண் குனிந்து பார்த்துக்கொண்டே கேட்டாள். ஓட்டையைப் பார் என்றேன். மட்டம் ஏற ஏறப் பீய்ச்சல் பலமாகியிருந்தது. உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமான இடம் அது. குழாயை இன்னும் கொஞ்சம் திறந்தால் மட்டம் வேறு கோட்டில் போய் நிற்கும். எத்தனை வகுப்பு செய்தாலும் எனக்கு அலுக்காத இடம் இதுதான்.

வரைபடத்தைக் கடைசியில் வையுங்கள். இரண்டு வார நிலவரத்தைப் பேப்பரிலிருந்து குறித்து, வரத்துக்கு ஒரு கோடு, திறப்புக்கு ஒரு கோடு, கீழே தனியாக இருப்பு. அணை எந்த நாளில் அதிகம் நிரம்பியிருந்தது என்று கேட்டால், முதலில் எல்லா விரலும் வரத்து உச்சிக்குத்தான் போகும். கீழே இருப்புக் கோட்டைப் பார்த்த பிறகு விரல் மெல்ல நகர்ந்து, இறங்கி வரும் வரத்துக் கோடு திறப்புக் கோட்டைத் தொடும் நாளில் வந்து நிற்கும்.