நினைவுப் புரதத்தை மாத்திரையால் கூட்ட முடியுமா?

கேள்வி: உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் என் மகன் இரவு இரண்டு மணிவரை உயிரியல் வாசித்தும் காலையில் பாதியை மறந்துவிடுகிறான். 'பிடிஎன்எஃப்' என்னும் மூளைப் புரதத்தைக் கூட்டுமென விற்கப்படும் மாத்திரையை வாங்கிக் கொடுக்கலாமா? (ஒரு தாய், உப்புவெளி, திருகோணமலை)

பதில்: வாங்க வேண்டாம், அம்மா. 1982இல் யீவ்-அலன் பார்ட், ஹன்ஸ் தோனென் ஆகியோரின் குழு பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்த இந்தப் புரதத்தை நரம்புக்கலங்கள் தாமே உண்டாக்குகின்றன. வாயால் விழுங்கும் புரதத்தைக் குடல் அமினோ அமிலங்களாக உடைத்துவிடும் என்பது உங்கள் மகனின் சமிபாட்டுப் பாடத்திலேயே உள்ளது. மூளையைத் தூண்டி அதைச் சுரக்க வைப்பதாகச் சொல்லும் மாத்திரைகளும் நலமுள்ள மாணவரின் நினைவை உயர்த்தும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. பெற்றோரின் கவலையை விலையாக்கும் இத்தகைய விற்பனை எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

புதிதாக ஒன்றைக் கற்கும்போது ஹிப்போகம்பஸ் என்ற மூளைப் பகுதியில் சில நரம்பிணைப்புகள் திரும்பத் திரும்ப ஒன்றாக இயங்குகின்றன. அங்கே வெளியாகும் பிடிஎன்எஃப், அடுத்த கலத்தின் மேற்பரப்பிலுள்ள வாங்கியுடன் (சமிக்ஞையை ஏற்கும் புரதத்துடன்) இணைந்து, புதிய புரதங்களை ஆக்கி அந்த இணைப்பைத் தடிப்பாக்கும்படி கலத்தைத் தூண்டுகிறது. இந்தக் கட்டுமானம் நடைபெறாத இணைப்பு சில மணி நேரத்திலேயே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கற்றது நிலைபெறுவதில் உறக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இரண்டு மணிவரை விழித்திருப்பவர் அந்த நேரத்தைத்தான் இழக்கிறார். பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுவரை 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை.

உடலசைவு பற்றியும் நல்ல சான்று உண்டு. 2011இல் வெளியான ஆய்வொன்றில், ஓராண்டு விறுவிறுப்பாக நடந்த முதியோரின் ஹிப்போகம்பஸ் ஏறத்தாழ 2 சதவீதம் பெருத்தது; அந்த வளர்ச்சி கூடியவர்களின் இரத்தத்தில் பிடிஎன்எஃப்பும் கூடியிருந்தது. அது முதியோரிடம் கண்டது, மாணவரின் புள்ளிகளை அளந்ததன்று. ஆயினும் வெயில் தாழ்ந்தபின் டச்சுக் குடாக் கரையிலிருந்து பிரட்றிக் கோட்டை வழியாகக் கோணேசர் கோயில்வரை வேகமாக ஏறி இறங்குவதற்குச் செலவு எதுவுமில்லை.

வாசித்த பக்கத்தை மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். மறுநாளும், மூன்று நாள் கழித்தும் அதையே செய்யட்டும். இரவு பத்தரைக்குப் படுத்து இரண்டு மூன்று வாரங்கள் கடந்த பின்னும் மறதியுடன் சோர்வு, முகம் வெளிறல், மனச்சோர்வு ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால், இரத்தச்சோகையும் தைரொயிட் குறைபாடும் இல்லையென உறுதிசெய்ய வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.