கழுவக் கழுவ வாடை ஏன் கூடுகிறது?

கேள்வி: எனக்கு 28 வயது. கர்ப்பமாக இருந்தபோது ஏழாவது மாதத்தில் பிறப்புறுப்பில் மீன் கவிச்சி மாதிரி ஒரு வாடை ஆரம்பித்தது. டாக்டர் கொடுத்த மாத்திரையில் அடங்கியது, இரண்டே வாரத்தில் திரும்ப வந்துவிட்டது. சுகப்பிரசவம்தான், தையல் போட்டார்கள். குழந்தைக்கு இப்போது நான்கு மாதம், தாய்ப்பால் கொடுக்கிறேன். வாடை போகவில்லை. கணவரோடு சேர்ந்த மறுநாள் இன்னும் அதிகம். தினம் மூன்று வேளை வாஷ் போட்டுக் கழுவுகிறேன். உடம்புச் சூடு என்று மாமியார் சொன்னதால் படிகாரத் தண்ணீரும் உபயோகித்துப் பார்த்தேன். மருந்துக் கடையில் ஒரு மாத்திரை அட்டை கொடுத்தார்கள், பால் கொடுப்பதால் பயந்து போடவில்லை. நான்கு பேர் பக்கத்தில் உட்காரவே கூச்சமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த வாஷை நிறுத்துங்கள். படிகாரத்தையும்தான். மாத்திரையைவிட இதை முதலில் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது.

பிறப்புறுப்பின் உட்பகுதி இயல்பிலேயே புளிப்பானது. அங்கே குடியிருக்கும் லேக்டோபேசில்லஸ் என்ற நல்ல கிருமிகள், தயிரை உறைய வைக்கும் கிருமிகளின் உறவுக்காரர்கள். அவை லாக்டிக் அமிலத்தைச் சுரந்து அந்த இடத்தின் பி.எச். அளவை 3.8 முதல் 4.5-க்குள் வைத்திருக்கின்றன. (பி.எச். என்பது புளிப்பைக் காட்டும் எண். எண் குறைந்தால் புளிப்பு அதிகம்.) அந்தப் புளிப்பு இருக்கும்வரை மற்ற கிருமிகள் அடங்கிக் கிடக்கும். சாதாரண சோப்பின் பி.எச். 9-க்கு மேல். சோப்போ வாஷோ, தினம் மூன்று வேளை உள்ளே போட்டால் நல்ல கிருமிகள் போய்விடும், ஆக்சிஜன் இல்லாமல் வாழும் வேறு கிருமிகள் பெருகும். இந்த நிலைக்குப் பெயர் பேக்டீரியல் வஜைனோசிஸ். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுக்கு இருப்பதும் பெரும்பாலும் இதுதான்.

மீன் வாடை என்று நீங்கள் சொன்னது வெறும் உவமை இல்லை. மீனில் கவிச்சி அடிக்கக் காரணமான ட்ரைமீத்தைலமைன் என்ற அதே பொருளை இந்தக் கிருமிகளும் உண்டாக்குகின்றன. மீனைப் புளித் தண்ணீரில் அலசினால் கவிச்சி அடங்குவது உங்களுக்குத் தெரியும். அமிலம் பட்டால் அந்தப் பொருள் உப்பாக மாறி, ஆவியாகாமல் தங்கிவிடும். காரம் (மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரானது) பட்டால் நேர்மாறாக, ஆவியாகி மூக்குக்கு ஏறும். விந்து காரத்தன்மை உள்ளது. கணவரோடு சேர்ந்த மறுநாள் வாடை கூடுவது அதனால்தான். மாதவிலக்கு முடியும் சமயத்தில் கூடுவதற்கும் இதே காரணம், ரத்தமும் லேசான காரம்தான். (புளித் தண்ணீர் என்றதும் எலுமிச்சையையோ வினிகரையோ அங்கே ஊற்றிவிடாதீர்கள். புண்ணாகும்.)

டாக்டர்களான நாங்களும் இதை வைத்துத்தான் சோதிப்போம். வெள்ளைப்படுவதில் கொஞ்சம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தை ஒரு சொட்டு விடுவோம். சட்டென்று மீன் வாடை கிளம்பினால் அது ஒரு அடையாளம். பி.எச். தாள் 4.5-க்கு மேல் காட்டுவது, நீர்த்த சாம்பல் வெள்ளையாகப் படுவது, மைக்ராஸ்கோப்பில் கிருமி அப்பிய செல்கள் தெரிவது ஆகியவை மற்ற மூன்று. நான்கில் மூன்று இருந்தால் பேக்டீரியல் வஜைனோசிஸ் என்று முடிவு செய்யலாம். ஐந்து நிமிட வேலை. ஆனால் பல இடங்களில் நோயாளி சொல்வதைக் கேட்டதுமே மருந்துச் சீட்டு எழுதிவிடுகிறார்கள். இந்த முறை போகும்போது, "டாக்டர், ஒரு தடவை உள்ளே பார்த்து, ஸ்மியர் எடுத்துவிடுங்கள்" என்று நீங்களே கேளுங்கள். (வெள்ளைப்படுவதைத் தகட்டில் தடவிப் பார்ப்பதுதான் ஸ்மியர்.) போவதற்கு முந்தைய நாள் இரவு உறவு வேண்டாம், காலையில் உள்ளே கழுவவும் வேண்டாம். நன்றாகக் கழுவிச் சுத்தமாகப் போக வேண்டும் என்று நினைத்து, நோய்க்கான தடயத்தையே அழித்துவிட்டு வருகிறவர்கள் நிறைய.

மருந்து மெட்ரோனிடசோல். மாத்திரையாக இருந்தால் ஏழு நாள். இரண்டு நாளிலேயே வாடை போய்விடும், மூன்றாம் நாள் நிறுத்திவிடுவார்கள், இதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். வாடை போனாலும் கிருமிகள் உட்சுவரில் ஒரு பாசிப் படலம் மாதிரி ஒட்டிக்கொண்டு இருக்கும், மருந்து நின்றதும் தலைதூக்கும். ஏழு நாளும் ஒழுங்காகப் போட்டவர்களிலேயே பாதிப் பேருக்கு மேல் ஒரு வருடத்துக்குள் திரும்ப வருகிறது. அதனால் திரும்ப வந்தது உங்கள் தவறோ, சுத்தக் குறைவோ இல்லை. அடிக்கடி வருகிறவர்களுக்கு மெட்ரோனிடசோல் ஜெல்லை வாரம் இரண்டு முறை வீதம் சில மாதங்களுக்குத் தொடரச் சொல்வதுண்டு.

பால் கொடுக்கும்போது போடலாமா? போடலாம். மெட்ரோனிடசோல் கொஞ்சம் பாலில் கலக்கும், வழக்கமான அளவில் குழந்தைக்குக் கெடுதல் செய்ததாகத் தெரியவில்லை. பாலின் ருசி லேசாக மாறலாம், அதனால் சில குழந்தைகள் முகம் சுளிக்கும். பயமாக இருந்தால் ஜெல்லாகக் கேளுங்கள், உடம்பில் சேர்வது மிகக் குறைவு. கர்ப்பத்திலும் டாக்டர் சொல்லி இதைப் போடலாம். சொல்லப்போனால் கர்ப்பத்தில் கவனிக்காமல் விடுவதுதான் தப்பு. குறைமாதப் பிரசவம், பனிக்குடம் முன்கூட்டியே உடைவது, பிரசவத்துக்குப் பின் கருப்பையில் தொற்று ஆகியவற்றோடு இந்த நோய்க்குத் தொடர்பு இருக்கிறது.

கடையில் கொடுத்த அட்டையைப் போடாமல் விட்டது நல்லது. ஒரே அட்டையில் மூன்று வகை மருந்து சேர்த்து விற்பார்கள்: ஃப்ளூகோனசோல், அசித்ரோமைசின், செக்னிடசோல். எந்தக் கிருமியாக இருந்தாலும் ஒன்றாவது வேலை செய்யட்டும் என்ற கணக்கு. இதில் பூஞ்சைக்கான ஃப்ளூகோனசோலைக் கர்ப்பிணிகளுக்கு நாங்கள் கொடுப்பதில்லை. அவர்களுக்குப் பூஞ்சைத் தொற்று இருந்தால் க்ளோட்ரிமசோல் என்ற மருந்தை ஏழு நாள் உள்ளே வைக்கத்தான் சொல்வோம். பூஞ்சை என்றால் திரித்திரியாகத் தயிர் மாதிரிப் படும், அரிப்பு உயிரை எடுக்கும், வாடை அவ்வளவாக இருக்காது. மஞ்சளும் பச்சையும் கலந்து நுரைத்து, எரிச்சலோடு நாற்றமும் இருந்தால் ட்ரைக்கோமோனாஸ் ஒட்டுண்ணியாக இருக்கலாம். அது உறவால் பரவுவது, கணவரும் கட்டாயம் மருந்து சாப்பிட வேண்டும்.

பேக்டீரியல் வஜைனோசிஸில் கணவருக்கு மருந்து தேவையில்லை என்றுதான் நாங்கள் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தோம். 2025-இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு அதை மாற்றியிருக்கிறது. பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்தபோது 12 வாரத்துக்குள் 63 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்தது. கணவருக்கும் ஒரு வாரம் மாத்திரையும் பூசும் க்ரீமும் கொடுத்தபோது அது 35 சதவீதமாகக் குறைந்தது. உங்கள் டாக்டரிடம் இதைக் கேளுங்கள், முடிந்தால் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். சிகிச்சை முடியும்வரை ஆணுறை போதும்.

இனி பிரசவத்துக்குப் பிந்தைய சங்கதிகள். பிரசவமானதும் சிவப்பாகவும், பிறகு பழுப்பாகவும், கடைசியில் வெளிர் மஞ்சளாகவும் நான்கு முதல் ஆறு வாரம் உதிரம் போகும். பச்சை ரத்த வாடை, மாதவிலக்கு வாடை அதில் சகஜம். உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. ஆனால் பால் கொடுக்கும்வரை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை ஹார்மோன் குறைவாக இருக்கும். உள்ளே வறட்சியாகும், நல்ல கிருமிகளுக்குத் தீனி குறையும், புளிப்பும் குறையும். மாதவிலக்கு திரும்பினால் இது தானாகச் சரியாகும்.

இன்னொன்று, வாடை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இருமினால், தும்மினால் ஒரு சொட்டு சிறுநீர் கசிகிறதா? சுகப்பிரசவத்துக்குப் பின் பலருக்கு இருக்கும், வெளியே சொல்ல மாட்டார்கள். உள்ளாடையில் காய்ந்த சிறுநீர் நெடி மூக்கைக் குத்தும், மீன் வாடை இருக்காது. அப்படியானால் கிருமி மருந்தால் பயனில்லை, இடுப்பு அடித்தளத் தசைப் பயிற்சிதான் வழி. காற்றை அடக்குவது போல ஆசனவாயைச் சுருக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். ஒரு வேளைக்குப் பத்து முறை, தினம் மூன்று வேளை. குழந்தைக்குப் பால் கொடுக்கும் நேரத்தையே இதற்கு வைத்துக்கொள்ளலாம். பிள்ளை பெற்றவள் அதிகம் தண்ணீர் குடித்தால் வயிறு போட்டுவிடும் என்று வீட்டில் அளந்து கொடுப்பார்கள். சிறுநீர் அடர்ந்து நெடி கூடுவதற்கு அதுவே காரணமாகிவிடும். தாகத்துக்குக் குடியுங்கள்.

தையல் போட்டபோது ரத்தத்தை ஒற்ற வைத்த பஞ்சோ காஸ் துணியோ உள்ளேயே தங்கிவிடுவதும் அபூர்வமாக நடக்கும். நானே எடுத்திருக்கிறேன். அந்த நாற்றம் எலி செத்த மாதிரி இருக்கும், அறைக்குள் நுழையும்போதே தெரியும். எடுத்த இரண்டொரு நாளில் போய்விடும். உள்ளே பார்க்கச் சொல்லுங்கள் என்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டில் செய்ய அதிகம் இல்லை. வெளிப்புறத்தை மட்டும் வெறும் தண்ணீரில் தினம் ஒன்றிரண்டு முறை கழுவினால் போதும், முன்னிருந்து பின்னாக. டெட்டால், மஞ்சள், வேப்பிலைக் கஷாயம் எதையும் உள்ளே விட வேண்டாம். சாம்பிராணிப் புகையைத் தலைக்குக் காட்டுங்கள், காலடியில் வைத்து உட்கார வேண்டாம். வாசனை பேட் வேண்டாம். சாதாரண பேடையும் நனையாவிட்டாலும் நான்கைந்து மணி நேரத்தில் மாற்றிவிடுங்கள். உள்ளாடையைப் புடவைக்கு அடியில் மறைத்துக் காயப்போடும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. அரை ஈரத்தில் எடுத்துப் போட்டால் அந்தப் புழுங்கிய வாடையே தனியாக ஒன்று. வெயிலில் போடுங்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன். கர்ப்பத்தில் வெள்ளைப்படுதல் கூடுவது இயற்கை, மூக்கும் கூர்மையாகிவிடும், லேசான புளித்த வாடையே பெரிதாகத் தெரியும். அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் தண்ணீர் மாதிரி நிற்காமல் கசிந்தால் பேட் வைத்துக்கொண்டு உடனே பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போங்கள், பனிக்குடமாக இருக்கலாம். பிரசவமானவர்களுக்கு அழுகிய நாற்றத்தோடு 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், அடிவயிற்று வலி, ரத்தப்போக்கு கூடுவது என்று ஏதாவது இருந்தால் அன்றே போக வேண்டும், இரவு பத்து மணியானாலும்.

உங்களுக்கு அவ்வளவு அவசரம் இல்லை. இந்த வாரத்துக்குள் ஒரு நாள் போய்வாருங்கள். மாத்திரை எழுதிக் கொடுத்தால் ஏழாம் நாள் வரை எண்ணிப் போடுங்கள்.